கைமாறி வந்த பவுலிங் பந்து: துளைகளை மாற்றுவதா, மேற்பரப்பை மாற்றுவதா?

கே.புதூர் தொழிற்பேட்டையில் உள்ள என் மதுரை லேத் பட்டறையின் வேலை மேசையில், உருண்டுவிடாதபடி ஒரு துணிச் சும்மாட்டின் மேல் உட்கார்த்தி வைக்கப்பட்ட டென்பின் பவுலிங் பந்து ஒன்று மூன்று வாரங்களாக இருக்கிறது. பெங்களூருவில் வேலை பார்க்கும் என் அக்கா மகன், புதுப் பந்தின் விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் கொடுத்து அதை வாங்கி, இரவு ரயிலில் மடியை விட்டு இறக்காமல் கொண்டுவந்து சேர்த்தான். 15 பவுண்டு, அதாவது சுமார் 6.8 கிலோ எடையுள்ள அந்தப் பந்தின் துளைகள் வேறொருவர் கைக்குப் போடப்பட்டவை. அதன் மேற்பரப்பு வேறொருவர் எறிந்து எறிந்து தேய்ந்தது. அது குடித்திருக்கும் எண்ணெயும் வேறு லேன்களில், அதாவது பந்து ஓடும் பலகைப் பாதைகளில், பூசிய எண்ணெய். “எல்லாத்தையும் அடைச்சிட்டுப் புதுசா துளை போட்டுரலாமா மாமா, இல்ல மேல மட்டும் உரசிப் பார்ப்போமா?” என்று அவன் கேட்டதற்கு உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. இரண்டு வழிகளையும் அளந்து பார்த்து நான் வந்து சேர்ந்த முடிவையும் அதற்கான காரணங்களையும் இங்கே எழுதுகிறேன். பழைய பந்து வாங்கியிருக்கும் மற்றவர்களுடைய அளவுகள் வேறாக இருக்கும் என்றாலும் கணக்குப் போடும் முறை அவர்களுக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். லேனின் கடைசியில் நிற்கும், பந்தை உருட்டிக் கீழே தள்ள வேண்டிய பத்தையும் பின் என்கிறார்கள், பந்தின் மேல் உட்கருவின் உச்சியைக் காட்டும் வண்ணப் பொட்டையும் பின் என்கிறார்கள். குழப்பம் வராதிருக்க, முன்னதைக் கட்டை என்றும் பின்னதைப் பின் புள்ளி என்றும் குறிப்பிடுகிறேன்.

எறியும் கோட்டிலிருந்து முதல் கட்டை வரை லேனின் நீளம் 60 அடி; அகலத்தில் 39 பலகைகள். பொதுவாக முதல் 38 முதல் 42 அடி வரை எண்ணெய் பூசப்பட்டிருக்கும், அதிலும் நடுவில் கூடுதலாகவும் ஓரங்களில் குறைவாகவும் இருக்கும். எண்ணெயில் பந்து வழுக்கிச் செல்கிறது, எண்ணெய் முடிந்த இடத்தில் பலகையைப் பற்றிக்கொண்டு வளைகிறது, பிறகு வளைவு அடங்கி நேராக உருண்டு கட்டைகளில் மோதுகிறது. முதல் கட்டைக்கும் அதன் பக்கத்துக் கட்டைக்கும் இடையிலான சந்தில் சுமார் 6 பாகைக் கோணத்தில் நுழையும் பந்தே பத்தையும் வீழ்த்த அதிக வாய்ப்புள்ளது. எனவே எவ்வளவு வளைகிறது என்பதைவிட எந்த இடத்தில் வளையத் தொடங்குகிறது, எவ்வளவு கூர்மையாகத் திரும்புகிறது என்பவையே கேள்வி. மேற்பரப்பும் துளை அமைப்பும் இந்த இரண்டையும் மாற்றுகின்றன என்றாலும் சம அளவில் மாற்றுவதில்லை. அமெரிக்கப் பவுலிங் அமைப்பான யுஎஸ்பிசி நடத்திய பந்தியக்க ஆய்வு, பந்தின் போக்கைத் தீர்மானிக்கும் காரணிகளில் மேற்பரப்பின் நுண்ணிய சொரசொரப்பையும் மேலோடு எண்ணெயை உறிஞ்சும் வேகத்தையும் முன்வரிசையில் வைத்தது. துளை அமைப்பு இவற்றுக்குப் பின்னால்தான் வருகிறது. பழைய பந்தைப் பற்றி யோசிக்கும் எவரும் பிடித்துக்கொள்ள வேண்டிய முதல் செய்தி இது என்பது என் கருத்து.

இந்தக் கணக்கு முழுவதும் ரியாக்டிவ் ரெசின் மேலோடு உள்ள பந்துக்கே பொருந்தும். பாலியெஸ்டர் பிளாஸ்டிக் பந்து எண்ணெயை உறிஞ்சுவதில்லை, வளைவதும் மிகக் குறைவு. அதற்குத் துளை கைக்குப் பொருந்தினால் போதும், லேஅவுட், அதாவது உட்கருவையும் எறிபவரின் சுழல் அச்சையும் பார்த்துத் துளைகளின் இடத்தை வகுப்பது, பற்றிக் கவலைப்படுவது வீண் செலவு. 1980களில் வந்த யூரித்தேன் பந்துகளும் 1990களின் தொடக்கத்தில் பரவிய ரியாக்டிவ் பந்துகளும்தான் மேலோடு என்பதைத் தனித்த ஆயுதமாக்கின. ரியாக்டிவ் மேலோட்டில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டு. மண்சட்டி மீன்குழம்பின் எண்ணெயைக் குடிப்பதுபோல அவை லேன் எண்ணெயைக் குடிக்கின்றன. குடித்துக் குடித்து நிறைந்துவிட்டால் பற்றும் திறன் குறைகிறது. “இந்தப் பந்து செத்துப்போச்சு” என்று விற்றுவிடுகிறார்களே, அவற்றில் பல இப்படி எண்ணெயில் மூச்சு முட்டி நிற்பவைதான்.

விலை பேசுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டியவை மூன்று. முதலாவது விரிசல். நடுவிரல், மோதிரவிரல் துளைகளுக்கு நடுவே இருக்கும் ஒடுங்கிய பாலம் போன்ற பகுதியில்தான் அது பெரும்பாலும் தொடங்கும். நகத்தை வைத்து மெதுவாக இழுத்தால் கண்ணுக்குப் படாத கீறலும் தட்டுப்படும். அக்கா மகனின் முந்தைய பந்து அப்படித்தான் போனது. சித்திரைத் திருவிழாவுக்கு வந்தவன் அழகர் ஆற்றில் இறங்கும் நாளன்று பந்தைக் கார் டிக்கியில் வைத்துவிட்டுப் போனான். கூட்டத்தில் வண்டியை எடுக்க முடியாமல் மாலை வரை அது வெயிலிலேயே நின்றது. உட்கருவும் மேலோடும் வெப்பத்தில் ஒரே அளவில் விரிவதில்லை. அந்த இழுபறியில் பாலத்தின் குறுக்கே ஒரு கோடு விழுந்து, பத்து நாளில் துளையின் ஆழம் வரை இறங்கிவிட்டது. மதுரையில் பவுலிங் பந்தை வைத்திருப்பவர் மறக்கக் கூடாத பாடம் அது; வீட்டுக்குள் நிழலில், சுவரை ஒட்டாத இடத்தில் வைத்தால் போதும்.

இரண்டாவது, நான்காம் துளை. முன்பு எடையைச் சமன் செய்யவும் பந்தின் போக்கை மாற்றவும் விரல் நுழையாத ஒரு துளையைப் போடுவது வழக்கம். 2020 ஆகஸ்ட் 1 முதல் யுஎஸ்பிசி விதிப்படி நடக்கும் போட்டிகளில் அது அனுமதிக்கப்படுவதில்லை. பிடிக்கப் பயன்படாத துளை இருந்தால் அடைத்தே ஆக வேண்டும். அதற்கு ஈடாக, 10 பவுண்டுக்கு மேற்பட்ட பந்துகளில் எந்த இரு எதிர்ப் பக்கங்களுக்கும் இடையே 3 அவுன்ஸ் வரை எடை வேறுபாடு இருக்கலாம் என்று விதி தளர்த்தப்பட்டது. எனவே அந்தத் தேதிக்கு முன் துளையிடப்பட்ட பந்தை வாங்கும்போது நான்காவது துளை இருக்கிறதா என்று பார்த்து, அடைக்கும் செலவை விலையில் கழித்துக் கேட்பதே நியாயம். எங்கள் பந்தில் அந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது, விட்டம். விதிப்படி அது 8.5 அங்குலத்துக்குக் கீழே போகக் கூடாது. ஒவ்வொரு முறை முழுமையாக உரசும்போதும் மேலோடு மிகச் சிறிய அளவில் குறைகிறது. பலமுறை உரசப்பட்ட பந்தில் மிச்சம் எவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. பட்டறையில் பெரிய வெர்னியர் இருந்ததால் எனக்கு இது ஐந்து நிமிட வேலையாக முடிந்தது: 8.56 அங்குலம், தாராளமாகப் போதும்.

இனித் துளைகள். மூன்று வழிகள் இருந்தன. இருப்பதை அப்படியே வைத்துக்கொண்டு, விரல் துளைகளில் உள்ள ரப்பர் இன்சர்ட்டுகளை மட்டும் மாற்றுவது ஒன்று. கட்டைவிரல் துளையை மட்டும் அடைத்து மறுபடி போடுவது இன்னொன்று. மூன்றையும் அடைத்து, புதிய லேஅவுட்டில் முதலிலிருந்து தொடங்குவது கடைசி வழி. மூன்றாவதுதான் முழுமையானது என்று பலரும் நினைக்கிறார்கள். நானும் தொடக்கத்தில் அப்படித்தான் நினைத்தேன். அளந்து பார்த்த பிறகு மாறினேன்.

ஸ்பேன் எனப்படுவது கட்டைவிரல் துளையின் விளிம்பிலிருந்து விரல் துளையின் விளிம்பு வரை உள்ள தூரம். முன்னவரின் நடுவிரல் ஸ்பேன் 4½ அங்குலம், மோதிரவிரல் ஸ்பேன் 4⅝ அங்குலம். என் அக்கா மகனுக்குப் பெங்களூருவில் அளந்து தந்த அளவு முறையே 4⅜, 4½. ⅛ அங்குலம்தானே என்று விட்டுவிட முடியாது. ஸ்பேன் நீண்டிருந்தால் பந்தை விடும்போது கட்டைவிரல் மாட்டிக்கொள்ளும், கை அதை ஈடுகட்ட இறுக்கிப் பிடிக்கும், சில மாதங்களில் மணிக்கட்டு வலி வந்து சேரும். ஆனால் இந்த அளவுகளில் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. இரண்டு விரலுக்கும் வேறுபாடு ஒரே அளவு, ஒரே திசை. ஆகவே கட்டைவிரல் துளையை விரல்களை நோக்கி ⅛ அங்குலம் நகர்த்தினாலே இரண்டும் ஒருங்கே சரியாகிவிடும். ஒரு விரலுக்குக் குறைந்து மற்றொரு விரலுக்குக் கூடியிருந்தால் இந்த வழி அடைபட்டுப் போயிருக்கும், மூன்றையும் அடைப்பதைத் தவிர வேறு வழி இருந்திருக்காது. துளையின் சாய்வையும் அதே வேலையில் திருத்திவிடலாம். சாய்வு என்பது துரப்பணத்தின் அச்சு பந்தின் மையத்தை எவ்வளவு தூரம் விலகிச் செல்கிறது என்பதன் அளவு. முன்னவரின் கட்டைவிரல் துளை விரல்களுக்கு எதிர்ப்புறமாக ⅜ அங்குலம் சாய்ந்திருந்தது. இவனுக்கு ⅛ போதும்.

அடுத்து லேஅவுட். ஒருவர் எறியும்போது பந்து எந்த அச்சைச் சுற்றிச் சுழல்கிறதோ அந்த அச்சு மேற்பரப்பைத் தொடும் இடத்தைத் துளையிடுபவர்கள் பிஏபி என்பார்கள். நான் அச்சுமுனை என்கிறேன். இது ஆளுக்கு ஆள் மாறும். கண்டுபிடிப்பது கடினமில்லை: உத்தேசமான இடத்தில் ஒரு துண்டு வெள்ளை டேப்பை ஒட்டி எறிந்து பார்க்க வேண்டும், எறிந்த உடனே, முதல் சில அடிகளில் டேப் வட்டமடிக்காமல் ஒரே புள்ளியாக நின்று சுற்றினால் அதுவே அச்சுமுனை. வட்டமடித்தால் டேப்பைச் சற்று நகர்த்தி மறுபடி பார்க்க வேண்டும். எங்களுக்கு ஒரு மாலை முழுவதும் பிடித்தது. பிடியின் மையத்திலிருந்து, அதாவது கட்டைவிரல் துளைக்கும் விரல் துளைகளுக்கும் நடுவிலுள்ள புள்ளியிலிருந்து, வலப்புறம் 4½ அங்குலம், மேலே ¼ அங்குலம் என்று வந்தது. பழைய தேய்வுக் கோடுகளை வைத்துக் கணக்கிட்டதில் முன்னவரின் அச்சுமுனை 5½ அங்குலத்தில் இருந்திருக்க வேண்டும்.

பழைய பந்தை வாங்குபவர்கள் பெரும்பாலும் தவறவிடும் செய்தி இங்கேதான் இருக்கிறது. “இது இன்ன லேஅவுட்” என்று விற்பவர் சொல்வது அவருக்கு மட்டுமே உண்மை. துளைகளும் பின் புள்ளியும் இருந்த இடத்திலேயே இருக்க, எறியும் கை மாறியவுடன் அச்சுமுனை இடம் மாறுகிறது, அதனுடன் லேஅவுட்டும் மாறிவிடுகிறது. மோதிரவிரலுக்கு மேலே இருக்கும் இந்தப் பந்தின் பின் புள்ளி முன்னவரின் அச்சுமுனையிலிருந்து சுமார் 5¼ அங்குலம் தள்ளி இருந்தது. அதே புள்ளி என் அக்கா மகனின் அச்சுமுனையிலிருந்து சுமார் 4½ அங்குலத்தில் விழுகிறது. இது சிறிய மாற்றமில்லை.

ஏன் என்பதற்குப் பம்பரத்தை நினைத்துக்கொள்ளலாம். ஆணி நடுவில் அடிக்கப்பட்ட பம்பரம் அசையாமல் நின்று சுற்றும். ஆணி சற்று விலகியிருந்தால் தலையாட்டிக்கொண்டே சுற்றும். பந்துக்குள் இருக்கும் உட்கருவும் தனக்குப் பிடித்த அச்சுக்கு வர முயன்று தலையாட்டுகிறது. அந்த ஆட்டத்தால் ஒவ்வொரு சுற்றிலும் பந்து லேனைத் தொடும் வட்டம் சற்றே விலகுகிறது. விளையாடி முடித்த பந்தில் வில்லாக விரிந்த எண்ணெய் வளையங்களாக இதைக் காணலாம். இந்தத் தடவிரிவால் ஒவ்வொரு சுற்றிலும் எண்ணெய் படாத புதிய மேற்பரப்பு லேனைத் தொடுகிறது, பற்று கூடுகிறது. பின் புள்ளிக்கும் அச்சுமுனைக்கும் இடையே 3⅜ அங்குலம் இருக்கும்போது விரிவு உச்சத்தை அடைகிறது. பந்தின் சுற்றளவில் கால் பங்கான 6¾ அங்குலத்தை நெருங்கினாலும், மறுபுறம் பின் புள்ளி அச்சுமுனை மீதே விழுந்தாலும் விரிவு ஏறக்குறைய இல்லாமல் போகிறது. ஆக 5¼ அங்குலத்தில் அடக்கமாக ஓடிய பந்து 4½ அங்குலத்தில் இவனுக்குக் கூடுதலாக விரியும். முன்னவர் “அதிகம் திரும்பாத பந்து” என்று சொன்னதை நம்பி வாங்கியிருந்தால் ஏமாற்றமாகப் போயிருக்கும், அவர் பொய் சொல்லாதபோதும்.

மூன்றையும் அடைப்பதானால் என்ன லேஅவுட் போடுவது என்றும் பார்த்தோம். பின் புள்ளியை விரல்களுக்கு மேலே வைத்து அச்சுமுனையிலிருந்து 4½ முதல் 5 அங்குலத்தில் நிறுத்துவது முதல் வாய்ப்பு. பந்து நீண்ட தூரம் ஆற்றலைச் சேமித்துக்கொண்டு போய் கடைசியில் கூர்மையாகத் திரும்பும். விரல்களுக்குக் கீழே, சுமார் 4 அங்குலத்தில் வைப்பது இரண்டாவது. வளைவு முன்கூட்டியே தொடங்கி, வில் போன்ற சீரான பாதையில் செல்லும், எண்ணெய் அதிகமுள்ள லேனிலும் வேகமாக எறிபவருக்கும் இது துணை. 5½ அங்குலத்துக்கு அப்பால் தள்ளுவது மூன்றாவது. விரிவு குறைந்து பந்து அடங்கி ஓடும், ஆனால் ஒரே தடத்தில் மறுபடி மறுபடி எண்ணெய் ஏறும்.

என் அக்கா மகன் மணிக்குச் சுமார் 25 கிலோமீட்டர் வேகத்தில், நிமிடத்துக்கு 300-க்கு நெருங்கிய சுழற்சியுடன் எறிகிறான். வேகத்தோடு ஒப்பிட்டால் சுழற்சி சற்று அதிகம். இப்படிப்பட்டவர்களின் பந்து தானாகவே சீக்கிரம் வளையத் தொடங்கும். அவன் வாரந்தோறும் விளையாடும் லேனில் மாலை நேரத்துக்குள் எண்ணெய் பெரும்பாலும் தேய்ந்துபோய்விடுகிறது. எனவே கீழே வைக்கும் லேஅவுட் அவனுக்குப் பகை. 40 அடிக்கு முன்பே ஆற்றலைச் செலவழித்துவிட்டு, கட்டைகளிடம் சேரும்போது பந்து ஓய்ந்திருக்கும். மேலே வைக்கும் முதல் வாய்ப்பே அவனுக்குப் பொருத்தம். முன்னவருக்காகப் போட்ட துளைகள் இவன் கைக்கு வந்தபோது, பெரும்பாலும் அந்த முதல் வாய்ப்பாகவே மாறி நிற்கின்றன. கட்டைவிரலை ⅛ அங்குலம் நகர்த்தினால் பிடியின் மையம் அதில் பாதி அளவே நகரும். லேஅவுட்டில் அது கணக்கில் எடுக்கத் தக்க மாற்றத்தை உண்டாக்காது. வேண்டியது கையில் இருக்கும்போது மூன்று துளைகளையும் அடைத்து அதே இடத்துக்கு மறுபடி வந்து நிற்பதற்குக் காரணம் ஏதும் எனக்குத் தென்படவில்லை.

அடைப்பதால் இழப்பும் உண்டு. துளையில் ஊற்றி இறுக வைக்கும் பிசின் மேலோட்டின் வேதிப்பொருளால் ஆனதன்று. அது எண்ணெயை உறிஞ்சாது. பந்து ஓடும் தடம் அதன் மேல் ஏறினால் அந்த ஓர் இடத்தில் பற்று மாறுபடும். உட்கருவைத் துளைத்துச் சென்ற இடங்களும் பழையபடி ஆவதில்லை. சமச்சீர் உட்கரு உள்ள பந்தாக இருந்தால், பின் புள்ளியை மையமாக வைத்துச் சுற்றித் திருப்பி, துளைபடாத புதிய பக்கத்தில் போட்டுக்கொள்ளலாம் என்ற வசதி இருக்கிறது. ஸ்பேன் அறவே பொருந்தாதவர்களுக்கு அதுவே நல்ல வழி. எங்களுக்கு அது தேவைப்படவில்லை.

கட்டைவிரல் துளையை என் பட்டறையிலேயே போட்டுவிடலாமா என்று அக்கா மகன் ஆசையோடு கேட்டான். மில்லிங் எந்திரம் இருக்கிறது, சாய்வுக் கணக்கு எனக்குப் புரிகிறது, ஒரு தாங்கி செய்துவிட்டால் துளை துல்லியமாகவே விழும். ஆனாலும் மறுத்துவிட்டேன். துளை போடுவது இதில் பாதி வேலைதான். விளிம்பை விரலுக்கேற்ப வளைவாக மழித்து, எறிந்து பார்க்கச் சொல்லி, மறுபடி மழித்து, மூன்று நான்கு முறை கைக்குச் சரிபார்ப்பதே மீதிப் பாதி. அதற்கு லேன் பக்கத்தில் இருக்க வேண்டும். மேலும் கட்டைவிரல் வெப்பத்தில் வீங்கும், குளிரில் சுருங்கும். மதுரை வெயிலில் வீங்கியிருக்கும் விரலுக்கு அளவு எடுத்துப் பெங்களூருவின் குளிர்ந்த அறையில் விளையாடினால் துளை தளர்ந்துதான் இருக்கும். விளையாடும் ஊரிலேயே, இதையே தொழிலாகச் செய்பவரிடம் கொடுப்பதுதான் முறை.

மேற்பரப்பு வேலையை நானே எடுத்துக்கொண்டேன், அதில் எனக்கு நம்பிக்கை உண்டு. அம்மி தேய்ந்து வழவழப்பானால் மிளகாய் சறுக்கும், அரைபடாது. கொத்திய பிறகு பற்றிக்கொள்ளும். கொத்திய புதிதில் இருக்கும் வேகம் நாளடைவில் தணிந்து ஒரு நிதானத்துக்கு வரும். பவுலிங் பந்தின் மேற்பரப்பும் ஏறக்குறைய இதே போக்கில்தான் நடந்துகொள்கிறது. உரசும் பட்டையின் எண் ஏற ஏறக் கீறல் நுண்மையாகும். 500 எண் பட்டையில் உரசிய பந்தின் கீறல்கள் ஆழமானவை. அவை எண்ணெய்ப் படலத்தை ஊடுருவிப் பலகையைச் சீக்கிரம் பற்றும். 2000 நடுத்தரம். 4000 வழவழப்பு. பாலீஷ் போட்டால் கீறல்களே மூடப்பட்டு, எண்ணெயில் மிக நீண்ட தூரம் வழுக்கும். விளையாட விளையாட லேனே பந்தை வழவழப்பாக்குகிறது. 500-இல் விட்ட பந்து 500-ஆகவே இருப்பதில்லை, எனவே எந்த எண்ணைத் தேர்ந்தாலும் அது தொடக்கம் மட்டுமே.

எங்கள் பந்தின் மேல் ஓடுதடத்தில் பளபளப்பும் மற்ற இடங்களில் மங்கலும் இருந்தன. இப்படிச் சீரற்றிருக்கும் மேற்பரப்பை வைத்துக்கொண்டு லேஅவுட் நல்லதா கெட்டதா என்று தீர்ப்புச் சொல்லவே முடியாது. முதலில் நான்கு பக்கமும் திருப்பித் திருப்பி 500-இல் சமப்படுத்த வேண்டும். அதன் பிறகு எங்கே நிறுத்துவது? 1000-இல் நிறுத்தினால் தேய்ந்த லேனில் இவன் பந்து பாதி வழியிலேயே வளைந்துவிடும். பாலீஷ் போடுவது கேட்க நன்றாக இருக்கும், கண்ணுக்கும் அழகு. ஆனால் எண்ணெய் இருக்கும் இடத்தில் வழுக்கிக்கொண்டே போய், காய்ந்த இடத்தில் திடீரென்று திரும்பி, ஒரு பலகை பிசகினாலும் இரண்டு வேறு பந்துகள் போல நடந்துகொள்ளும். அந்த நிச்சயமின்மையை இன்னும் கற்றுக்கொண்டிருப்பவன் கையில் கொடுக்க எனக்கு மனமில்லை. எனவே 500, 1000, 2000 என்று படிப்படியாக ஏறி, கடைசியில் 3000-ஐ இலேசாக ஒருமுறை காட்டி நிறுத்துவது என்று முடிவு செய்தேன். எண்ணெய் மிகுந்த லேனுக்குப் போக நேர்ந்தால் மறுபடி 2000-க்கு இறக்குவது பத்து நிமிட வேலை. போட்டி தொடங்கிய பிறகு உரச விதி இடம் தராது என்பதால் அதை முன்னதாகவே செய்துவிட வேண்டும்.

உரசும் பொருளிலும் இரண்டு வழிகள் உண்டு. கார் பெயின்ட் சாமான் கடைகளில் கிடைக்கும் வாட்டர் பேப்பர் மலிவு, எல்லா எண்ணிலும் கிடைக்கும். பந்துக்கென்றே விற்கும் நுரை முதுகுப் பட்டை விலை கூடியது, வெளியூரிலிருந்து வரவழைக்க வேண்டும். எண் ஒன்றாக இருந்தாலும் இரண்டும் ஒரே பரப்பைத் தருவதில்லை. நுரை, பந்தின் வளைவோடு இணைந்து அழுத்தத்தைப் பரவலாக்குகிறது. வெறும் தாள், விரல் அழுத்திய இடத்தில் மட்டும் ஆழமாகக் கீறுகிறது. தாளிலேயே எண்ணுக்கு முன் பி என்ற எழுத்து உள்ளவை ஐரோப்பியத் தரம், இல்லாதவை பெரும்பாலும் அமெரிக்கத் தரம். 1000 என்று போட்ட இரண்டு தாள்கள் ஒரே மணியளவில் இருக்க வேண்டியதில்லை. நான் 500-க்கு மட்டும் வாட்டர் பேப்பரை ஈரமான ஸ்பாஞ்சில் சுற்றிப் பயன்படுத்துகிறேன், ஏனெனில் அந்தக் கீறல்கள் எப்படியும் அடுத்த படிகளில் மறைந்துவிடும். 1000-க்கு மேல் நுரைப் பட்டைதான். கால் குதிரைத்திறன் மோட்டாரில் ஒரு கிண்ணத்தைப் பொருத்திப் பந்தை மெதுவாகச் சுழல விட்டு, தண்ணீர் தெளித்துக்கொண்டே, ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரே நேரம், ஒரே அழுத்தம் என்று கடிகாரம் பார்த்துச் செய்கிறேன். அடுத்த முறையும் அதே பரப்பு வர வேண்டும் என்றால் இந்தக் கட்டுப்பாடு இல்லாமல் முடியாது.

எண்ணெய் எடுப்பது மேற்பரப்பு வேலையோடு சேர்ந்ததே. 500-இல் ஒருமுறை உரசி நுண்துளைகளைத் திறந்த பிறகு, விரல் துளைகளைத் தண்ணீர் புகாத டேப்பால் மூடி, பாத்திரம் துலக்கும் திரவம் சில துளிகள் கலந்த வெந்நீரில் இருபது நிமிடம் வைத்தேன். நீர் 55 பாகை செல்சியஸ் அளவில் இருந்தது. 60-ஐத் தாண்டக் கூடாது, தாண்டினால் டிக்கியில் நடந்ததே வாளியிலும் நடக்கும். முதல் முறை தண்ணீரின் மேல் மஞ்சள் படலம் மிதந்தது. மூன்றாம் முறைக்குப் பிறகு படலம் தென்படவில்லை. வெயிலில் வைத்தால் எண்ணெய் தானே கசிந்துவிடும் என்று ஒருவர் யோசனை சொன்னார். நம் ஊர்க் கத்திரி வெயிலில் அது பந்தைப் பிளக்கும் வழி. இன்னொருவர் தின்னரில் துடைக்கச் சொன்னார். கரைப்பான்கள் மேலோட்டையே இளக்கிவிடும். 1973-இல் அமெரிக்கத் தொழில்முறை ஆட்டக்காரர் டான் மெக்யூன் பிளாஸ்டிக் பந்துகளை வேதிக் கரைப்பானில் ஊறவைத்து மென்மையாக்கி ஒரே ஆண்டில் ஆறு பட்டங்களை வென்றார். அதைத் தொடர்ந்துதான் பந்துக்குக் குறைந்தபட்சக் கடினத்தன்மை வேண்டும் என்ற விதி வந்தது. மேற்பரப்பின் வலிமைக்கு அந்த ஆண்டு ஒரு சான்று என்றாலும், தின்னர் டப்பாவைப் பந்துக்குப் பக்கத்தில் வைக்க நான் அனுமதிப்பதில்லை.

வேலைகளின் வரிசை முக்கியம். எண்ணெய் எடுப்பதை அடைக்கும் முன்பே முடித்துவிட வேண்டும், புதிதாக ஊற்றிய பிசினை வெந்நீரில் போட நான் விரும்பவில்லை. அடைத்த இடத்தைச் சமப்படுத்தும்போது அதைச் சுற்றியுள்ள பரப்பு எப்படியும் கீறப்படும், ஆகவே இறுதி மேற்பரப்பு வேலை துளைக்குப் பிறகே வர வேண்டும். இதன்படி பந்து இந்த வார இறுதியில் 500 எண் பரப்போடு பெங்களூரு செல்கிறது. அங்கே கட்டைவிரல் துளை அடைக்கப்பட்டு, ⅛ அங்குலம் நகர்த்தி, புதிய சாய்வில் போடப்படும், விரல்களுக்குப் புது இன்சர்ட்டுகள். நுரைப் பட்டைகளையும் எந்தப் பக்கத்துக்கு எத்தனை நொடி என்று எழுதிய தாளையும் அவன் பையில் வைத்திருக்கிறேன். துளையிடுபவரின் சுழலியிலேயே மீதி மூன்று படிகளையும் அவன் முடித்துவிடலாம். முதல் ஆறு ஆட்டங்கள் முடிந்ததும் துடைக்காமல் எண்ணெய் வளையங்களைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். வளையங்களுக்கு இடையிலுள்ள இடைவெளியை அளந்தால், 4½ அங்குலம் என்று நான் போட்ட கணக்கு சரியா என்பது தெரிந்துவிடும்.